செரிங் சார்

ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடும் பொறுமைகூட யோகப்பிரியாவுக்கு இல்லை. வேலியோரம் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். மத்தியான நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாத ஆள் வீட்டில் இருந்தாள். அம்மா. துவைக்கிற கல்லின் மேல் கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டு, யாரையோ அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டு மசாலாக் கம்பெனியில், மகள் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மிளகாய்த்தூள் பாக்கெட் போடுகிறவளின் கோட்டு அது. எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடும். வடகரப்பதித் தெருவில் பாதி வீட்டுக் கொல்லையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"போன எதுக்கும்மா எடுக்கல?"

"கையி ஈரம்."

"காத்தாலிருந்தா ஈரம்?"

அம்மா சுப்பாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீரை அள்ளிக் கோட்டின் மேல் ஊற்றினாள். கோட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை அடித்தாள்.

விஷயம் யோகப்பிரியாவின் காதுக்கு வந்ததே வேறு வழியில். கொழிஞ்சாம்பாறையில் ஒரு செல்போன் கடையின் மேல்மாடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது செல்வப்பிரியா கூப்பிட்டாள். அம்மாவோடு அதே பேக்கிங் பெல்ட்டில் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடத்தில் இவளோடு ஒரே பெஞ்சு. "ஏன் யோகா, உங்கம்மா மாடிக்குப் போயி சாரி சொல்லிப்போட்டாங்களாமா? அப்ப பட்டன அமுக்குனது அவுங்கதானா? நாங்க ஆரும் நம்பவே இல்ல தெரியுமா. அவுங்களே ஒத்துக்கிட்டப்பறம் நாங்க என்னத்தப் பேசறது, போ." அந்தக் கடைசி 'போ'வில்தான் யோகப்பிரியாவுக்கு நெருப்புப் பற்றியது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

போன வாரம் நடந்தது ஊருக்கே தெரியும். ஒடிசாவிலிருந்து வந்த ஜமுனா என்கிற பெண், பாக்கெட்டுக்கு வாய் ஒட்டுகிற மெஷினில் சிக்கிய கவரை எடுக்கக் கையை விட்டாள். நின்றிருந்த மெஷின் தானாக ஓடியது. சூடான இரண்டு தாடைகள் மூடிக்கொண்டன. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த மெஷினுக்கு ஒரு மூடி உண்டு. மூடி திறந்திருந்தால் மெஷின் அசையக் கூடாது. அப்படித்தான் அதைச் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் மாடியில் இருப்பவர்கள் கேட்கிற எண்ணிக்கை வராது. ஆகவே போன மழைக்காலத்திலேயே மூடியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கம்பெனி சொல்வது வேறு. மெஷினில் ஒரு குற்றமும் இல்லையாம். பெல்ட்டுக்கு லீடரான சுப்பாத்தாள், கை உள்ளே இருப்பதைப் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிட்டாளாம்.

"நீ எதுக்கும்மா சாரி சொன்ன?"

சுப்பாத்தாள் கோட்டைக் கல்லிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நான் எங்கடி சாரி சொன்னன்?"

"மேனேஜர்கிட்டச் சொன்னியாமா. கம்பெனி பூராவும் அதே பேச்சு."

"அந்தாளு இங்கிலீசுல நீளமா என்னமோ பேசுனான். எனக்கு என்ன எழவு தெரியும்? உங்க மாமன்தான் பக்கத்துல நின்னு சொன்னான், 'அக்கா, இனிமேலு எல்லாரும் பாத்துப் பதனமா இருக்கோணும்னு சொல்றாரு'ன்னு. நல்லதுதான சொல்றான்னு நானும் செரிங் சார்ன்னன்."

யோகப்பிரியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எப்படிச் சொன்ன? மறுக்காச் சொல்லு."

"செரிங் சார்."

"வேகமா."

"செரிங்சார். இதுல என்னடி இருக்குது?"

எல்லாமே இருந்தது. புனேயிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத அந்த மேனேஜரின் காதை ஒரு நிமிடம் இரவல் வாங்கிக் கேட்டுப் பார்த்தாள் யோகப்பிரியா. செரிங் சார். சாரி சார். தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிளகாய் நெடியில் கண் கலங்கிய ஒரு பெண்பிள்ளை சொல்கிறாள். வேறெப்படிக் கேட்கும்? இங்கத்து வாய்க்கு 'சரி' என்பது 'செரி'. மரியாதைக்கு ஒரு 'ங்' ஒட்டிக்கொள்ளும். ஒரு மலையாளி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்த வினையே இல்லை, அவனுக்கும் அது 'ஷெரி'தான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். இங்கிலீஷ் தெரிந்து தமிழ் தெரியாத ஒருவன். தமிழ் தெரிந்து இங்கிலீஷ் தெரியாத ஒருத்தி. இரண்டும் தெரிந்த ஒருவன். முதலில் யோகப்பிரியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மூன்றாவது ஆளை நினைத்ததும் சிரிப்பு பல்லில் கடிபட்டு நின்றது.

கந்தப்பன். அம்மாவின் பெரியப்பா மகன். பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மேனேஜர் கேட்ட கேள்வியையும் மாற்றி, அம்மா சொன்ன பதிலையும் திருத்தாமல் விட்டவன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அவனே வந்தான். கையில் பேக்கரிக் கவர். உள்ளே பப்ஸ். துக்கம் விசாரிக்க வருகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. வியாழக்கெழம மாடிக்கு வரச் சொல்றாங்க. அன்னிக்குச் சொன்னத இன்னொருக்கா, கொஞ்சம் தெளிவாச் சொல்லிப்போட்டாப் போதும். இப்ப நிறுத்தி வெச்சது அடுத்த மாசம் வரைக்குந்தான், பொறகு கோட்ட மாட்டிட்டு வந்தரலாம். நான் பேசி வெச்சிருக்கறன்."

"அன்னிக்கு என்ன மாமா சொன்னாங்க?" யோகப்பிரியா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"சாரின்னு."

"செரின்னு."

கந்தப்பன் கவரின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானான். "கேக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான அம்மிணி."

"கேட்டவனுக்கு ஒண்ணு. உங்களுக்கு?"

"இத பாரு. ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸுல ஆரு காலையாச்சும் மிதிச்சாச் சொல்றதில்லையா? வந்து இடிச்சாச் சொல்றதில்லையா? அதையேதான நீ சொல்லிக்குடுத்துச் சம்பாதிக்கற? உங்கம்மா சொன்னா மட்டும் கொறஞ்சு போயிருமா?"

சுட்டது. உண்மையாக இருந்ததால் கூடுதலாகச் சுட்டது. அவள் வகுப்பின் முதல் பாடமே அதுதான். ப்ளீஸ், தேங்க்யூ, சாரி. மூன்றையும் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். சொன்னது காதில் விழவில்லையா, சாரி. முடியாது என்று சொல்லப்போகிறாயா, முதலில் சாரி. சாவு வீட்டுக்குப் போகிறாயா, சாரி. அந்த இடத்தில் ஒருநாள் மொய்தீன் பாய் கையைத் தூக்கிவிட்டார். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறவர். துபாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்காக இங்கிலீஷ் படிக்க வந்தவர். "மௌத்தானதுக்கு நாம எதுக்கு டீச்சர் மன்னிப்புக் கேக்கணும்? நாமளா கொன்னோம்?" வகுப்பே சிரித்தது. மலையாளத்தில் சேலைக்குச் சாரி என்றுதான் பெயர். அதனால் பாய் விடவில்லை. "நானும் வாலிபத்துலருந்து சாரி குடுத்துட்டேதான் இருக்கேன். ஒரு நாளும் சும்மா குடுத்ததில்ல." பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அன்றைக்கு அவள் அவருக்குச் சொன்ன பதில், எம்.ஏ.யில் படித்தது. இந்தச் சொல் மன்னிப்புக் கேட்கப் பிறந்ததே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் 'ஸார்' என்றால் புண். வலி. உடம்பில் பட்ட காயம். அதிலிருந்து வந்தது இது: உள்ளே ரணமாக இருக்கிறவன், நோவு நிறைந்தவன். துக்கத்துக்கு 'ஸாரோ' என்று இன்னொரு சொல் இருக்கிறது, பார்த்தால் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும்; ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை, பக்கத்திலேயே நின்று நின்று சாயல் வந்துவிட்டது. ஆகவே சாவு வீட்டில் சொல்கிற சாரிதான் பாய், பழைய சாரி. உங்கள் காயம் என்னிலும் இருக்கிறது என்பதுதான் அது என்று சொன்னாள். பாய் தலையை ஆட்டினார். அவள் பாய்க்குச் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. நொந்து கிடக்கிறவனைப் பார்க்கிறவனுக்கு ஒரு இளக்காரம் வரும் அல்லவா, காலம் போகப் போக அந்த இளக்காரமும் சொல்லுக்குள் இறங்கிவிட்டது. சாரி குதிரை என்றால் எலும்பும் தோலுமான குதிரை. சாரி மனுஷன் என்றால் ஒன்றுக்கும் உதவாதவன். காயம்பட்டவன் கேவலமானவன் ஆகிவிட்டான். அதற்கும் பிறகு, நேற்று என்றுதான் சொல்ல வேண்டும், 'நான் நோகிறேன்' என்பதில் நானும் உதிர்ந்தது, நோவும் உதிர்ந்தது, காலை மிதித்தவன் திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிட்டுப் போகிற சில்லறை மட்டும் மிஞ்சியது.

"அந்த வார்த்தைக்கு மொதல்ல என்ன அர்த்தம்னு தெரியுமா மாமா?" என்றாள். "புண்ணு."

"புண்ணா?" அடுப்படியிலிருந்து சுப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா. ஒடம்புல படற புண்ணு, மனசுல படற புண்ணு. பட்டவன் சொல்ற வார்த்தைம்மா அது. வெட்டுனவன் சொல்றது இல்ல. வெட்டிப்போட்டு, பட்டவகிட்டவே வந்து அதக் கேக்கறாங்க பாரு, அதுதான் கம்பெனி."

"மாடியில வந்து இதையெல்லாம் பேசிப்போடாத அம்மிணி," கந்தப்பன் பப்ஸை எடுத்துத் தட்டில் வைத்தான். "சிரிப்பாங்க."

"மூடியக் கழட்டச் சொன்னது ஆரு?"

"மேல."

"கழட்டுனது ஆரு?"

தட்டில் உதிர்ந்த பப்ஸின் பொருக்கைக் கந்தப்பன் விரலால் ஓரமாக ஒதுக்கினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "நான் வாயத் தொறந்தா அக்கா நிக்கற எடத்துல நான் நிப்பன். அவ்வளவுதான வித்தியாசம்?"

"அந்த வித்தியாசத்துக்குத்தான் உங்களச் சூப்பர்வைசர்னு வெச்சிருக்காங்க."

அவன் எழுந்துகொண்டான். கோபப்பட்டிருந்தால் யோகப்பிரியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. அக்காவைப் பார்த்து, "யோசிச்சுக்கோக்கா," என்று மட்டும் சொன்னான். சுப்பாத்தாள் தட்டை எடுத்து, பப்ஸ்களைத் திரும்பவும் கவருக்குள் போட்டு, முடிச்சும் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்களுக்குக் கொண்டுபோய்க் குடு, கந்தா."

வியாழக்கிழமை மாடிக்குப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். யோகப்பிரியா வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. பஸ்ஸில் பாலக்காடு போய் இறங்குகிறவரைக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அங்க போயி அந்த வார்த்தைய மட்டும் சொல்லிப்போடாத. அழு. கையப் புடி. என்ன வேணா பண்ணு. அது மட்டும் வாயில வரக் கூடாது. நீ சாரி சொன்னதா ஆச்சுன்னா, கூட வேலை செஞ்சவ தப்பு, எங்களுக்குப் பொறுப்பில்லன்னு கம்பெனி கையக் கழுவீரும். உன்ற வேலை மட்டுமில்ல, அந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் கெடைக்காது. புரியுதா?"

"புரியுது புரியுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொல்றாப்பல சொல்லாத."

ஜமுனா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் பெரிய வெள்ளைக் கட்டு, அது வேறு யாருடையதோ மாதிரி மடியில் கிடந்தது. வயது இருபது இருந்தால் அதிகம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் கம்பெனி செக்யூரிட்டி ஒருவன். உதவிக்கு அனுப்பியிருக்கிறார்களாம். உதவி செய்கிற ஆள் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. சுப்பாத்தாளைப் பார்த்ததும் ஜமுனாவின் உதடு கோணியது. "மௌசி," என்றாள். சின்னம்மா என்று அர்த்தம். ஒரு வருஷமாக ஒரே பெல்ட்டில் நின்றும் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மௌசி. பெல்ட். ஸ்டாப். சாப்பாடு. அப்புறம் அது.

சுப்பாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டாள். கட்டிலில் ஏறி ஜமுனாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு கையால் பின்னிக்கொள்ள முடியாமல் அந்தப் பெண்ணின் தலை ஒரு வாரமாகச் சிக்கும் சடையுமாகக் கிடந்தது. பையிலிருந்து சீப்பை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி, வலிக்காமல் ஒவ்வொரு சிக்காகப் பிரித்தாள். மிளகாய்த்தூள் இன்னும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு சடை போட்டாள். ரப்பர் பேண்டு இல்லாததால் தன் முந்தானை நூலை உருவி முடிந்தாள். எதிரில் நின்ற யோகப்பிரியா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அம்மா அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கையை இரண்டு கைகளாலும் ஏந்தினாள்.

"சாரி கண்ணு," என்றாள்.

ஸ்டூலில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை. போனை மட்டும் கொஞ்சம் உயர்த்தினான்.

வராந்தாவுக்கு வந்ததும் யோகப்பிரியா வெடித்தாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு எத்தன தடவ சொன்னன்? எத்தன தடவ? வேணும்னே பண்றியா?"

"கத்தாத. ஆஸ்பத்திரி."

"எதுக்குச் சொன்ன? நீ என்ன தப்புப் பண்ணுன?"

"தப்புப் பண்ணுனன்னு ஆரு சொன்னா?" சுப்பாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நீதான சொன்ன, புண்ணுன்னு. புண்ணு பட்டவகிட்டச் சொல்றதுக்கு அவளுக்குப் புரியறாப்பல எனக்கு வேற என்ன வார்த்தை தெரியும்? ஒண்ணுதான் தெரியும். அதையும் சொல்லக் கூடாதுன்னா நான் எதுக்கு அவ்வளவு தொலைவு வந்தன்? சீவி உடறதுக்கா?"

யோகப்பிரியா அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். ஆனால் கோபம் அடங்கவில்லை. இப்போது அம்மா மேல் இல்லை அது. எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாத கோபமாக, கஞ்சிக்கோடு வரைக்கும் பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

மேனேஜரின் அறை, வேலை நடக்கிற ஷெட்டுக்கு மேலேயே தொங்குகிற ஒரு கண்ணாடிப் பெட்டி. இரும்புப் படி ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஏ.சி. ஒன்றுதான் கேட்கும். கீழே பெல்ட்டுகள் ஓடுவது ஊமைப் படம்போலத் தெரியும். முகத்தில் துணி மாஸ்க்கும் தலையில் நீலத் தொப்பியுமாக, வரிசை வரிசையாகப் பெண்கள். மேலிருந்து பார்த்தால் யார் செல்வப்பிரியா, யார் வேறொருத்தி என்று அடையாளம் தெரியாது. படியேறி வரும்போது ஒருத்தியும் அம்மாவைப் பார்த்துத் தலையசைக்கவில்லை என்பதை யோகப்பிரியா கவனித்திருந்தாள். அம்மாவும் கவனித்திருந்தாள்.

மேனேஜர் கெட்ட மனுஷன்போல இல்லை. அதுதான் எரிச்சல். எழுந்து நின்று வணக்கம் சொன்னான், தண்ணீர் கொடுக்கச் சொன்னான், மகள் உடன் வந்ததில் சந்தோஷம் என்றான். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றான். ஓரத்தில் நின்றிருந்த கந்தப்பனைக் காட்டி, உங்கள் சொந்தக்காரரே இருக்கிறார் பாருங்கள் என்றான். யோகப்பிரியா அவனுடைய இங்கிலீஷுக்கு இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். என் அம்மா அன்றைக்குச் சொன்னது சாரி இல்லை. செரி. எங்கள் பேச்சில் அதற்கு ஓகே என்று அர்த்தம். நீங்கள் தப்பாகக் கேட்டுவிட்டீர்கள்.

மேனேஜர் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு உண்மையாகவே ரசித்துச் சிரித்தான்.

"அப்படியா! நான் கேட்டது, மெஷினை ஓடவிட்டது உன் தப்புத்தானே என்று. அதற்கு அவர் ஓகே என்றாரா? சாரியைவிட இது இன்னும் தெளிவாக இருக்கிறதே, மேடம்."

வலை இந்தப் பக்கமும் பின்னியிருந்தது. யோகப்பிரியாவுக்குக் காது மடல் கொதித்தது. "அம்மாவிடம் அந்தக் கேள்வி போகவே இல்லை," என்று இங்கிலீஷில் கத்தினாள். "நடுவில் நின்றவர் வேறு கேள்வியைத்தான் கேட்டார். அவரையே கேளுங்கள்!"

மேனேஜர் கந்தப்பனைக் கேட்கவில்லை. மேஜை மேல் இருந்த போனை எடுத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. இரண்டு சடை தெரிந்தது. *சாரி கண்ணு* என்றது அம்மாவின் குரல். அந்தக் குளிரூட்டிய அறையில், அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளிருந்து, அது யாரோ ஒரு குற்றவாளியின் குரலாக வந்தது. அவன் இன்னொரு தடவையும் ஓடவிட்டான்.

"இதுவும் ஓகேதானா, மேடம்?"

உனக்கு எத்தனை இங்கிலீஷ் சொல் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நேரத்தில் யோகப்பிரியாவால் ஒன்றையும் சொல்லியிருக்க முடியாது. எம்.ஏ.யில் ஒரு பேப்பர் முழுக்கப் படித்ததும், பழைய இங்கிலீஷும், புண்ணும், குதிரையும் எல்லாம் இங்கே செல்லாக் காசு. இவனிடம் அதைச் சொன்னால் அதையும் ரசித்துச் சிரிப்பான். மிக சுவாரசியம், மேடம் என்பான். அவள் கை மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரை நோக்கிப் போனது. எறிவதற்காகத்தான்.

சுப்பாத்தாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். போனில் என்ன ஓடியது என்று அவளுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"என்ன பண்ணச் சொல்றான்?"

"இங்க, இவன் முன்னால, ஒருக்கா சாரி சொல்லச் சொல்றான்."

"செரி. நீ பேசாம இரு." சுப்பாத்தாள் திரும்பினாள். மேனேஜரிடம் இல்லை. "கந்தா, இங்க வா. அன்னிக்கு நடுவுல நீதான நின்ன? இன்னிக்கும் நீயே நில்லு. நான் சொல்றத அப்படியே அந்தாளுகிட்டச் சொல்லோணும். கூட்டாம, கொறைக்காம."

கந்தப்பன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"அந்த வார்த்தைய நான் அந்தப் புள்ளைகிட்டச் சொன்னன். சொன்னது சொன்னதுதான். நாளைக்கும் சொல்லுவன். அது அவளுக்கும் எனக்கும். இவுனுக்குச் சொல்லமாட்டன். இவுனுக்கு நான் ஒண்ணும் பண்ணல. இவுன்தான் அவளுக்குச் சொல்லோணும், இவுனச் சொல்லச் சொல்லு. பொறகு, அன்னிக்கு இவுன் என்ன கேட்டான், எங்கிட்ட நீ என்ன கேட்டேன்னு, அதையும் சொல்லு."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் புருவத்தைத் தூக்கி, என்ன சொல்கிறார் என்பதுபோல யோகப்பிரியாவைப் பார்த்தான். அவளுக்கு அத்தனையும் இங்கிலீஷில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மணிக்கட்டை அம்மா விடவில்லை.

"சார்," என்றான் கந்தப்பன். "ஷி இஸ்..." தொண்டையைச் செருமினான். "ஷி இஸ் நாட் சாரி, சார்."

"நாட் சாரி?" மேனேஜர் முன்னால் சாய்ந்தான்.

கந்தப்பன் தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல நின்றான். அது எவ்வளவு சரியோ அவ்வளவு தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் சொன்னது. இன்னொரு தடவை வாயைத் திறந்தான். மூடினான். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று விடை தெரியாமல் விழிக்கிற பையனைப்போல உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தான். அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. திட்டுகிற பார்வையும் இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. கடையில் மீதிச் சில்லறைக்கு நிற்கிறவள்போல, வரவேண்டியது வரட்டும் என்று நின்றாள்.

கந்தப்பன் சட்டென்று திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். ஒரு கணம் மெஷின்களின் இரைச்சலும் மிளகாய் நெடியும் உள்ளே அடித்தன. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மறுபடி ஏ.சி.

இறங்கிப் போய்விட்டான், ஓடிவிட்டான் என்றுதான் யோகப்பிரியா நினைத்தாள். ஓடவில்லை. இரும்புப் படியின் மேல்தட்டிலேயே நின்றான். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தான். முதுகுதான் தெரிந்தது. முதுகு விம்மித் தணிந்தது. அவன் எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு எழுத்துகூட வரவில்லை. தன் தப்பைச் சொல்கிறானா, அக்கா தப்பைச் சொல்கிறானா, எல்லாரும் வேலையைப் பாருங்கள் என்கிறானா, முதுகைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை.

"கீழே இருப்பவர்களிடம் அவர் என்ன சொல்கிறார்?" மேனேஜர் எழுந்து கண்ணாடியருகே வந்தான். "மேடம், என்ன சொல்கிறார்?"

அம்மாவையும் இழுத்துக்கொண்டு யோகப்பிரியா கண்ணாடியருகே போனாள்.

கீழே ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு அதற்குப் பக்கத்துத் தலை. பெல்ட் ஓடிக்கொண்டேயிருந்தது, எடுக்கக் கை இல்லாமல் பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி, நுனிக்கு வந்து, தரையில் விழுந்தன. ஒன்று வெடித்துச் சிவப்புப் புகை எழும்பியது. மேனேஜர் கண்ணாடியை விரலால் தட்டினான். ஒருத்தியும் அவனைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தி, காதிலிருந்து நாடாவைக் கழற்றி, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். செல்வப்பிரியா. கண்ணும் நெற்றியும் மிளகாய்ச் சிவப்பு; மாஸ்க் இருந்த இடம் மட்டும் யாரோ அளந்து வெட்டி ஒட்டியதுபோல வேறு நிறம். மேலே நின்ற சுப்பாத்தாளைப் பார்த்துத் தலையசைத்தாள்; அவள் வாய் அசைந்தது. அடுத்தவள் தன் மாஸ்க் நாடாவுக்குக் கையை உயர்த்தினாள். அதற்கடுத்தவளும்.